ஞாயிற்றுக்கிழமை அங்கிள்

பஸ் ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே ஓடத் தொடங்கியதும் குருமூர்த்தி மகளிடம் விளையாட்டைப் பற்றிச் சொன்னான்.

"பாமா, நாம இப்போ ஒரு விளையாட்டு விளையாடப் போறோம். மியூசியத்துக்குள்ள போனதும் நான் அப்பா இல்லை. அங்கிள்."

பாமாவுக்கு ஐந்து வயது. கம்பளிக் குல்லாயை ஜன்னலில் தேய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"அங்கிள்னா, பம்பாய்ல பக்கத்தாத்துல இருந்தாரே, தேஷ்பாண்டே அங்கிள், அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான். அங்க ஒரு ஆன்ட்டி இருப்பா. அவா முன்னாடி என்னை நீ அங்கிள்னுதான் கூப்பிடணும். மறந்துபோய்க்கூட அப்பான்னு சொல்லப்படாது."

இந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க அவன் இரவெல்லாம் யோசித்திருந்தான். சித்தப்பா என்றால் கடைசியில் அப்பா வந்துவிடுகிறது. ஜெர்மன்காரர்கள் தகப்பனைப் பாப்பா என்பார்கள், அவர்கள் காதுக்கு அப்பாவும் பாப்பாவும் ஒன்றுதான். மாமா என்றால் அவர்கள் பாஷையில் அம்மா. அங்கிள் என்றால் ஓங்கெல் என்று கேட்கும், தானாகவே புரிந்துகொள்வார்கள்.

"தோத்துட்டா?" என்றாள் பாமா.

அதை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. நாக்கில் தானாக வந்தது.

"தோத்துட்டா உன்னையும் அம்மாவையும் மறுபடி ப்ளேன்ல ஏத்தி அனுப்பிடுவா."

"யாரு?"

"இங்க இருக்கற போலீஸ்."

குழந்தை அழவில்லை. வாயை மட்டும் அசைத்து, சத்தம் வராமல், அங்கிள், அங்கிள் என்று பழகிப் பார்த்துக்கொண்டாள். கெட்டிக்காரி என்று குருமூர்த்தி நினைத்தான். மனசு கொஞ்சம் லேசாயிற்று.

அவன் 1966இல் ஸ்காலர்ஷிப் கிடைத்துக் கப்பலேறியபோது சியாமளாவுக்கு நான்காம் மாதம். மரத்தைத் துளைக்கும் வண்டுகளைப் பற்றி இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்புவதாகத்தான் பேச்சு. பட்டம் வாங்கினான். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே வேலையும் கிடைத்தது. அடுத்த வருஷம் அழைத்துக்கொள்கிறேன் என்று முதலில் எழுதியபோது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். அதற்கடுத்த வருஷம் எழுதியபோது அவ்வளவு நிஜமில்லை. அதற்குள் ஹெல்கா வந்துவிட்டிருந்தாள்.

ஹெல்கா பள்ளிக்கூட டீச்சர். பக்கத்து ஊரில், பழைய தானியக் கிடங்கின் மாடியில், அவளுடைய அப்பா பாடம் செய்து சேர்த்து வைத்திருந்த மிருகங்களை ஒரு சின்ன மியூசியமாக ஊர்க்காரர்கள் நடத்திவந்தார்கள். அப்பா இறந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் அதைத் திறந்து வைப்பாள். அங்கே கிடந்த வண்டுகளுக்குப் பெயர் கண்டுபிடித்துத் தர யாராவது வேண்டும் என்று அவள் பல்கலைக்கழகத்தில் கேட்டபோது, போகிறேன் என்று கை தூக்கியவன் குருமூர்த்தி. மூன்று வருஷமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவள் ஒருமுறை கேட்டாள். இல்லை என்றான். ஒரே ஒரு வார்த்தை. பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள இடமே வரவில்லை, அல்லது வந்த இடத்திலெல்லாம் அவன் வேறு பேச்சுப் பேசினான்.

பம்பாயில் ஏர் இந்தியாவில் இருந்த சியாமளாவின் அண்ணன் சேஷாத்ரிக்குப் பொறுமை போய்விட்டது. தங்கையையும் குழந்தையையும் விமானத்தில் ஏற்றிவிட்டுத்தான் தந்தி கொடுத்தார். அப்படித்தான் இந்த நவம்பரில் இருவரும் வந்து இறங்கினார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பிறந்ததிலிருந்து தினம் காலையில் போட்டோவைக் காட்டி, இதோ அப்பா, அப்பாவுக்கு உம்மா கொடு என்று பழக்கியிருந்தாள் சியாமளா. ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பாமா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட்டோல இருக்கறதைவிட குண்டா இருக்கார்" என்று அம்மாவின் காதில் சொன்னது அவனுக்கும் கேட்டது.

ஹெல்காவிடம், அண்ணாவின் மனைவி வைத்தியத்துக்காக வந்திருக்கிறாள், கூடக் குழந்தை இருக்கிறது என்று சொல்லி ஒரு ஞாயிறைத் தட்டிக் கழித்தான். இரண்டாம் ஞாயிறும் போகாவிட்டால் அவளே கிளம்பி வந்துவிடுவாள். போகலாம் என்று சட்டையை மாட்டும்போது சியாமளா காய்ச்சலோடு படுத்திருந்தாள். "இவளையும் அழைச்சுண்டு போங்கோ. மிருகமெல்லாம் இருக்குன்னு சொன்னேளே, பாக்கட்டும். நான் கொஞ்சம் கண்ணை மூடறேன்" என்றாள். முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் அவனுக்கு அகப்படவில்லை.

கிடங்கின் மரப்படிகளில் ஏறும்போதே நாப்தலின் வாசனை வந்தது. மேலே ஹெல்கா சாவிக்கொத்தோடு நின்றிருந்தாள். உயரமானவள், எதையும் சுருக்கமாகப் பேசுகிறவள். குழந்தையைப் பார்த்ததும் முழங்காலை மடித்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

"இவள்தானா உங்கள் அண்ணன் மகள்? பெயர் என்ன?"

குருமூர்த்தி மொழிபெயர்த்தான். "உன் பேரைக் கேக்கறா."

"பாமா." அவனை நிமிர்ந்து பார்த்துச் சேர்த்துக்கொண்டாள். "சொல்லிட்டேன், அங்கிள்."

"ஓங்கெல்!" என்று ஹெல்கா சிரித்தாள். "உங்கள் ஊரிலும் அப்படியேதானா?"

"கிட்டத்தட்ட" என்றான் குருமூர்த்தி.

மூன்றே அறைகள். முதல் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கீரிப்பிள்ளைபோல் ஒன்று, ஆந்தைகள், கொக்கு, பற்களைக் காட்டிக்கொண்டு ஒரு நரி. பாமா ஒவ்வொன்றின் முன்பும் நின்று அது கண்ணைச் சிமிட்டுமா என்று பார்த்தாள்.

"தூங்கறதா அங்கிள்?"

"இல்லை. செத்துப்போச்சு."

"செத்துப்போனா ஏன் நிக்கறது?"

"உள்ள வைக்கோல் வெச்சுத் தெச்சிருக்கா."

"வலிக்காதா?"

"செத்தப்புறம் என்ன வலி?"

அவள் என்ன சொல்கிறாள் என்று ஹெல்கா கேட்டாள். நரி அழகாயிருக்கிறதாம் என்றான்.

இரண்டாம் அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம். ஒரு பெரிய ஆண், ஒரு பெண், உடம்பில் கோடு கோடாக மூன்று குட்டிகள், காலடியில் நிஜ இலைச் சருகு. பாமா அங்கிருந்து நகரவில்லை.

"இதுல எது அப்பா?"

அந்தச் சொல் கேட்டதும் குருமூர்த்தி சட்டென்று ஹெல்காவைப் பார்த்தான். ஆனால் குழந்தை அவனைக் கூப்பிடவில்லை, பன்றியைத்தான் கேட்டாள்.

"என்ன கேட்கிறாள்?" என்றாள் ஹெல்கா.

"இதெல்லாம் என்ன தின்னும் என்று."

ஹெல்கா குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறவள். ஓக் மரத்துக் கொட்டைகள், கிழங்கு, மண்புழு என்று கையால் நடித்துக் காட்டி நிதானமாகச் சொன்னாள். கடைசியில் அவனைப் பார்த்து, "இதைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டாம். ஆண் பன்றி இப்படிக் குட்டிகளோடு இருக்கவே இருக்காது. தனியாகத் திரியும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று என் அப்பா சேர்த்து நிறுத்தினார்" என்றாள்.

பாமா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெரிசுதான் அப்பா" என்றான்.

"அதுக்குத் தெரியுமா, இதெல்லாம் தன்னோட குட்டின்னு?"

"வா, அடுத்த ரூமுக்குப் போகலாம்."

மூன்றாம் அறை வண்டுகளுடையது. உயரமான ஓக் அலமாரிகள், கனமான இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக ஊசியில் குத்திய வண்டுகள். இது அவனுடைய அறை. அவன் மேஜை, அவன் லென்ஸ், அவன் கையெழுத்தில் சின்னச் சின்னச் சீட்டுகள். ஹெல்கா குழந்தையை ஒரு ஸ்டூலில் நிற்க வைத்து, பச்சையும் ஊதாவுமாக மின்னும் பொன்வண்டுகள் இருந்த இழுப்பறையை இழுத்துவிட்டாள். பாமா மூச்சு விட மறந்து பார்த்தாள்.

"ஊரில் அப்பாவை விட்டுவிட்டு வந்திருக்கிறாளே, ஏங்கவில்லையா? அப்பா எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள்" என்றாள் ஹெல்கா.

"அதெல்லாம் எதற்கு?"

"கேளுங்கள். என்னை அவளுக்குப் பிடிக்க வேண்டாமா?"

வேறு ஏதாவது கேட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து அவன் செய்துகொண்டிருந்தது அதுதான். ஆனால் தன் மகள் தன்னைப் பற்றி என்ன சொல்லுவாள் என்று தெரிந்துகொள்ள அவனுக்கே ஒரு ஆசை வந்துவிட்டது.

"பாமா, உங்கப்பா எப்படின்னு ஆன்ட்டி கேக்கறா."

பாமா அவனைப் பார்த்தாள். விளையாட்டில் இது எந்த இடம் என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, எதிரே நிற்பவர் அங்கிள்தான் என்ற தைரியத்தில் பேசினாள்.

"எங்கப்பாக்கு எங்களைப் பிடிக்கலை. ராத்திரி நான் தூங்கறேன்னு நெனச்சுண்டு, உன்னை யார் வரச்சொன்னான்னு அம்மாவைத் திட்டினார். இதை வேற இழுத்துண்டு வந்துட்டியேன்னு சொன்னார். இதுன்னா நான்தான். அம்மா அழுதா. அப்பறம் போர்வைக்குள்ள எங்கிட்ட, அப்பா பழகலைடி, பழகினா சரியாயிடும்னு சொன்னா. அங்கிள், எத்தனை நாளாகும் பழக?"

ஹெல்கா புன்னகையோடு காத்திருந்தாள். "இவ்வளவு நீளமாக! என்ன சொல்கிறாள்?"

"அப்பா ரொம்ப நல்லவராம்" என்றான் குருமூர்த்தி. "தினம் தோளில் தூக்கிக்கொண்டு போவாராம். கடலைக் காட்டுவாராம்."

"பாவம், முகத்தைப் பாருங்கள். ரொம்ப ஏங்குகிறாள்."

"என்ன அங்கிள் சொல்றா?"

"நீ சமத்துன்னு சொல்றா."

அதைக் கேட்டுக் குழந்தைக்குச் சந்தோஷமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் தவறினாள். இழுப்பறையின் மூலையில் நீல வண்டு ஒன்று தனியாக மின்னியது. அதைக் காட்ட விரலை இழுப்பறை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, "அப்பா, இங்க பா..." என்று ஆரம்பித்தாள்.

குருமூர்த்தி யோசிக்கவில்லை. கை தானாகப் போய் இழுப்பறையை ஓங்கித் தள்ளியது.

கனமான மரம். சின்ன விரல். அந்தக் கூச்சல் மூன்று அறைகளிலும் கேட்டது. ஹெல்கா பாய்ந்து இழுப்பறையை இழுத்தாள். ஆள்காட்டி விரலின் நகத்தடியில் ரத்தம் கறுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. பாமா விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, வாய் கோணி, மூச்சு முட்டி, அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"அங்கிள், வலிக்கறது. அங்கிள், அங்கிள், வலிக்கறது அங்கிள்."

அந்த நொடியில் குருமூர்த்திக்கு முதலில் வந்தது நிம்மதி. நல்லவேளை, சரியாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் விரலைப் பார்த்தான். நிமிர்ந்தபோது ஹெல்கா குழந்தையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீரும் துணியும் எடுத்து வரப் போனாள்.

வீட்டில் சியாமளா விரலைப் பார்த்துப் பதறி எழுந்தாள். பஸ் கதவில் நசுங்கிவிட்டது என்றான்.

"பஸ் கதவாடி?"

பாமா முதலில் அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம், "பஸ் கதவு" என்றாள்.

அவன் எதிரே சியாமளா மேலே கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள், சமைத்தாள், அவனுடைய சட்டைகளைத் துவைத்து ஹீட்டரில் காயப் போட்டாள். பாமா அவனை ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடாமல் இருக்கப் பழகிவிட்டாள். எதிரே வந்து நின்று, அவன் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகு பேசினாள். ஹெல்கா வாரம் முழுதும் போன் செய்யவில்லை. குருமூர்த்தி அதையெல்லாம் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு, ஆராய்ச்சி நிலையத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினான். மியூசியத்தில் வேறு யாரும் இல்லை. ஹெல்கா எப்போதும்போல் காபி ஊற்றினாள். அவன் இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு லென்ஸோடு உட்கார்ந்தான். அவள் எதிரே உட்கார்ந்து சீட்டுகளை வெட்டிக் கொடுத்தாள். மத்தியானம் படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. சின்னக் காலடி ஒன்றும் கூடவே.

சியாமளா வாசலில் நின்றாள். புடவைக்கு மேல் அவனுடைய பழைய ஓவர்கோட், காலில் கம்பளி உறையும் செருப்பும். மிருக மியூசியம் எங்கே என்று வீட்டுக்காரம்மாளிடம் கேட்டு, பஸ் பிடித்து வந்திருந்தாள். ஏறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. அவள் பின்னால், கோட்டைப் பிடித்துக்கொண்டு பாமா.

குருமூர்த்தி எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"குழந்தை ஒண்ணும் சொல்லலை" என்றாள் சியாமளா தமிழில். "நானாத்தான் துருவித் துருவிக் கேட்டேன். அவளை ஒண்ணும் பண்ணிடாதேங்கோ."

அதற்குள் பாமா முன்னால் வந்துவிட்டாள். துணி சுற்றிய விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அவனிடம் கெஞ்சினாள். "நான் தோக்கலை அங்கிள். ஆன்ட்டிகிட்ட நான் சொல்லவே இல்லை அங்கிள். ப்ளேன்ல ஏத்த வேண்டாம்னு சொல்லுங்கோ அங்கிள்."

சியாமளா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். கத்தத்தான் வந்திருந்தாள் என்பது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. ஆனால் கத்தவில்லை. திருச்சியில் பி.ஏ. படித்தவள், இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஹெல்காவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நான் இவருடைய அண்ணன் மனைவி" என்றாள் இங்கிலீஷில். "என் பெண்ணிடம் போன வாரம் அன்பாக இருந்தீர்களாம். நன்றி சொல்ல வந்தேன்."

ஹெல்காவின் இங்கிலீஷ் பள்ளிக்கூட இங்கிலீஷ். மெதுவாகப் பேசினாள். "உட்காருங்கள். உங்கள் கணவர் ஊரில் நலமா?"

"என் கணவர் இறந்துவிட்டார்" என்றாள் சியாமளா. "இந்த நாட்டில்தான். எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் தெரியவந்தது."

அவள் ஹெல்காவிடம் சொன்னாலும் கண் குருமூர்த்தியின் மேல் இருந்தது. அவன் வாயைத் திறந்தான். என்ன சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டான். இத்தனை நாளும் இரண்டு பக்கமும் பேசியவன் அவன்தான். இப்போது அந்த இருவருக்கும் நடுவில் அவனுக்கு வேலையே இல்லை.

சியாமளா காத்திருந்தாள். ஹெல்காவும் காத்திருந்தாள். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் ஹெல்காதான் பேசினாள்.

"எனக்குப் போன ஞாயிறே தெரியும்" என்றாள் இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "குழந்தை வாய் தவறிச் சொன்னது எனக்கும் கேட்டது. அதன் விரல் நசுங்கியபோது இவர் முகத்தையும் பார்த்தேன். இவரே சொல்லட்டும் என்று ஒரு வாரம் விட்டேன். சொல்லவில்லை. அது இவருக்கும் எனக்கும் உள்ள விஷயம்." வெட்டிய சீட்டுகளை ஒதுக்கி வைத்தாள். "உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று நீங்களே சொல்கிறீர்கள். என் அனுதாபங்கள். இறந்தவருக்காக யாரும் காத்திருக்கக்கூடாது. இந்தச் சின்ன வயதில்."

சியாமளாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அடிப்பதற்காக ஓங்கியதை எதிரி அமைதியாகக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டதுபோல் இருந்தது. அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் அழுவாள், அவனைத் திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று பஸ்ஸில் எதையெதையோ நினைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். மறுபடி குருமூர்த்தியைப் பார்த்தாள். இந்தமுறை தமிழில், ரொம்பச் சன்னமாக.

"ஏதாவது சொல்லுங்கோளேன்."

ஹெல்கா அவனிடம் ஜெர்மனில், எப்போதும் பேசும் குரலில் சொன்னாள். "இழுப்பறை திறந்து கிடக்கிறது. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும். மூடுங்கள்."

குருமூர்த்தி திரும்பி இழுப்பறையை மூடினான். கவனமாக, ஒரு ஊசியும் ஆடாமல், மெல்லத் தள்ளினான். அது உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பியபோது வாசலில் யாரும் இல்லை. படிகளில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே பாமாவின் குரல், "அம்மா, நான் தோத்துட்டேனா? அம்மா, நான் தோத்துட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே போயிற்று.

ஹெல்கா விழுந்து கிடந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "காபி ஆறிவிட்டது. வேறு போடட்டுமா?" என்றாள். அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

இரவு அவன் வீட்டுக்குப் போனபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தது. சியாமளா தட்டு வைத்து, ரசம் சாதம் பரிமாறினாள். வீட்டுக்கு வந்த உறவுக்காரருக்குச் செய்வதுபோல், அப்பளம் இன்னொன்று வேண்டுமா என்று கேட்டாள். அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னே? உயிரோட இருக்கறவனை..."

"நீங்க இல்லைன்னு சொல்லுவேள்னு பாத்தேன்" என்றாள் சியாமளா. "யாரா இருந்தாலும், நீ செத்துட்டேன்னு சொன்னா, இல்லை, நான் இருக்கேன்னு சொல்லுவா. ஒரு வார்த்தை. எந்த பாஷைல சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிஞ்சிருக்கும்."

"நீ திடுதிப்னு வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு யோசிக்க டயம் வேண்டாமா?"

"அஞ்சு வருஷம் போறலையா?"

அதற்கு மேல் அந்த வீட்டில் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. சியாமளா அண்ணனுக்கு எழுதினாள். டிக்கெட் வரும்வரை இருந்த நாட்களில் அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைத்தது. குளிர்காலச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்து வைத்தாள். ஒருநாள் பாமாவை மடியில் உட்கார்த்திக்கொண்டு, "நீ தோக்கலைடி. உனக்காகத்தான் ப்ளேன். மாமா ஆத்துக்குப் போறோம்" என்று அவள் சொல்வதை அவன் அடுத்த அறையிலிருந்து கேட்டான். குழந்தை நம்பவில்லை. "நான் இன்னொரு தடவை சரியா ஆடறேம்மா. ஒரே ஒரு தடவை" என்றாள்.

அப்போது எழுந்து போய் அவளைத் தூக்கியிருக்கலாம். விளையாட்டே பொய் என்று சொல்லியிருக்கலாம். கதவுவரை போனான். அவளைச் சமாதானம் செய்தால் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், கட்டிக்கொண்டால் அனுப்புவது கஷ்டம் என்று தோன்றியது. திரும்பி வந்து பேப்பர் படித்தான்.

டிசம்பரில் ஒரு காலையில் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு ரயிலில் அழைத்துப் போனான். பெட்டியை அவன் தூக்கினான். கவுன்ட்டரில் ஏர் இந்தியாப் பெண் ஒருத்தி புடவையில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் சியாமளா இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்துப் பேசினாள். சேஷாத்ரியின் தங்கையா என்று அந்தப் பெண் கேட்க, இருவரும் பம்பாய்க் கதை பேசிக்கொண்டார்கள். குழந்தையின் நகம் என்ன இப்படி என்று அவள் கேட்டதற்கு, "கதவுல நசுங்கிடுத்து" என்றாள் சியாமளா, அவன் பக்கம் திரும்பாமலே.

தடுப்புக்கு அந்தப் பக்கம் போகும்முன் சியாமளா அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அதற்காக நான்கைந்து வாக்கியங்கள் யோசித்தும் வைத்திருந்தான். ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம், எல்லாம் சரியாகும், மாதாமாதம் எழுதுகிறேன். அவள் அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, "வரேன்" என்றாள். பாமா நடந்துகொண்டே பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கையாட்டவில்லை. அவன் கையாட்டியதும் முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

குருமூர்த்தி ரயில் நிலையத்துக்குத் திரும்பி வந்தான். தன் ஊர் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு கடையிலிருந்து வறுத்த பன்றிக்கறித் தொத்திறைச்சியின் வாசனை வந்தது. ஹெல்காவோடு சேர்ந்து பழகிய பழக்கம். சியாமளா வந்த நாளிலிருந்து அவன் வாயில் வைக்கவில்லை. ஒன்று வாங்கினான். தனக்குத் தொண்டையில் இறங்காது என்றுதான் நினைத்தான். கடுகு விழுதைத் தொட்டு முதல் வாய் கடித்தபோது, எவ்வளவு பசியாயிருக்கிறது என்று தெரிந்தது. நின்றபடியே அவசர அவசரமாகத் தின்று முடித்தான். விரல்களைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு, கடைக்காரனிடம் இன்னொன்று கொடுங்கள் என்றான், ரொட்டியும் சேர்த்து.